மூன்றாவது தப்புக்கு அப்புறம்

ஜனவரி 11

அன்புள்ள சின்னவளுக்கு, அக்கா எழுதறேன்.

நீ நல்லா இருக்கியா? நாற்காலியிலயே உட்கார்ந்து உட்கார்ந்து வந்த இடுப்பு வலி இப்போ எப்படி இருக்கு? எனக்கு ஒண்ணும் இல்லை. சாப்பிடறேன், தூங்கறேன், வேலைக்குப் போறேன். கேக்கறவங்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு.

நீ போன் மேல போன் பண்ணியும் எடுக்கலைன்னு கோவிச்சுக்காதே. இப்போதைக்கு எனக்குப் போன் வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுதிப் போடு. நான் படிச்ச அஞ்சாங் கிளாஸுக்கு எழுத்து கோழி கிளறின மாதிரிதான் வரும், பொறுத்துக்கோ.

சலவைக் கூடத்துல மறுபடியும் சேர்ந்துட்டேன். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பு, ஓட்டல் மேசை விரிப்பு, எல்லாத்தையும் மெஷின்ல தேய்ச்சு மடிக்கற வேலை. அங்கே இருக்கற சத்தத்துல யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல முடியாது. அது ஒண்ணுதான் ஆறுதல்.

பேச்சுப் பயிற்சிக்குன்னு உங்க கம்பெனி கொடுத்த டேப், அந்தச் சிலேட்டு மாதிரி கம்ப்யூட்டர், இங்கேயே கிடக்கு. உன் அத்தான் போய் ரெண்டு மாசம் ஆச்சு, இனிமே அது யாருக்கு? ஆள் அனுப்பி எடுத்துக்கச் சொல்லு. அலமாரியைத் திறந்தா கண்ணுல குத்துது.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

கோழி கிளறினது வந்து சேர்ந்தது. ரெண்டு தரம் படிச்சேன். இடுப்பு வலி எங்கேயும் போகலை, என்னோடதான் குடியிருக்கு. நீ சாப்பிடறேன்னு எழுதினதை நான் நம்பலை. வேளைக்குச் சாப்பிடு.

போன் ஏன் வேண்டாம்? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? இருந்தா நேரா திட்டிடு அக்கா, மனசுக்குள்ள வெச்சுக்காதே.

டேப்பை நீயே வெச்சுக்கலாம்னு எங்க மேலாளர் சொல்லிட்டார்.

இங்கே வேலை கழுத்தை நெரிக்குது. அத்தான் பண்ணின மாதிரி பேச்சுப் பயிற்சியெல்லாம் எழுதறது பேச்சு டாக்டர்கள். அவங்களுக்குக் கம்ப்யூட்டர் எழுத்து தெரியாது. அதனால பயிற்சி எழுதறதுக்குன்னே, அவங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் புரியற மாதிரி ஒரு சின்ன மொழி செஞ்சுக்கிட்டிருக்கேன்னு சொன்னேனே. இப்போ வெளியாள் செஞ்ச இன்னொரு மொழியை விலைக்கு வாங்கலாமான்னு பேச்சு நடக்குது. ரெண்டையும் வெச்சு எது தரமானதுன்னு பரிசோதிக்கப் போறாங்க. என்னோடது தோத்தா எங்க குழுவையே கலைச்சிடுவாங்க. கல்யாணமும் பண்ணிக்காம பெத்த ஒரே பிள்ளை இது. அதையும் பறிகொடுத்துடுவேனோன்னு இருக்கு.

பதில் போடு.

சின்னவள்


பிப்ரவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருக்கணும். நேரா திட்டுன்னு சொன்னே. சரி, வாங்கிக்கோ.

உன் அத்தான் வாய் எப்படிப்பட்ட வாய்? லிஃப்ட் ஓட்டின மனுஷன். ஏறினவங்க அவங்க மாடி வர்றதுக்குள்ள ரெண்டு தரம் சிரிச்சுட்டுத்தான் இறங்குவாங்க. அந்த வாய் பக்கவாதம் வந்ததும் பூட்டிக்கிச்சு. ஒரு வார்த்தை சொல்லுங்க, என் பேரையாவது சொல்லுங்கன்னு நான் பக்கத்துல உட்கார்ந்து கெஞ்சுவேன். மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்குவார்.

ஆனா டேப்பை எடுத்தா போதும். நிமிர்ந்து உட்காருவார். சீப்பைக் கொடுன்னு கை காட்டுவார். தலை வாரிக்கிட்டு! பெண் பார்க்க வந்த அன்னைக்குக்கூட அவர் அப்படி வாரலை. அப்புறம் நல்லா இருந்த அந்த ஒரு கையால எனக்குச் சைகை: வெளியே போ, கதவைச் சாத்து.

கதவுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் டேப்ல பதிஞ்ச உன் குரல். "இது என்ன?"ன்னு கேப்பே. கொஞ்ச நேரம் கழிச்சுக் குழைஞ்சுக்கிட்டு, "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு!" அவர் சொன்னது எனக்குக் கேக்காது. நீ மெச்சறது மட்டும் அடுப்படி வரைக்கும் கேக்கும். உங்க கம்பெனியில குரல் கொடுக்க வேற ஆளே கிடைக்கலையா?

கூட வேலை பார்க்கற இஸ்திரிக்காரிகிட்ட இதைச் சொல்லப் போக, "பீத்துணி அலசறது பொண்டாட்டி, பாராட்டு மட்டும் மச்சினியா? நல்ல வேலைப் பங்கீடுடி!"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து சிரிக்கலை.

இப்போ தெரியுதா, எனக்கு ஏன் போன் வேண்டாம்னு?

ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்குக் கொடுக்காத வார்த்தையில உனக்கு எத்தனை கொடுத்தார்?

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோ. வேலைன்னு சொன்னா பொய். எழுதி எழுதிக் கிழிச்சேன்.

பயிற்சிக்குக் குரல் கொடுக்க வர வேண்டிய ஒரு அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அதனால என்னைப் பிடிச்சு ஒரு சின்ன அறையில உட்கார வெச்சுப் படிக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான். அப்போ அத்தான் நல்லாத்தான் இருந்தார். போன்ல சொன்னதும், "என் லிஃப்டுக்கும் வந்து மாடி சொல்லிட்டுப் போ, சம்பளத்துல பாதி தர்றேன்"னு கிண்டல் பண்ணினார். இந்த டேப் அவர் கைக்கே வரும்னு யாரு கண்டா?

அவர் எனக்காகத் தலை வாரலை அக்கா. அது நான்னு அவருக்குத் தெரிஞ்சுதோ என்னவோ.

இங்கே திடீர்னு நல்ல மழை. ஜன்னல் ஓரம் போட்டிருந்த என் மேசையை மாத்திட்டாங்க. பரிசோதனைக்குத் தாள் தயாராகிக்கிட்டிருக்கு. உன் கால் வீக்கம் குறைஞ்சுதா? நின்னே வேலை செய்யாதே.

சின்னவள்


மார்ச் 28

சின்னவளுக்கு,

கால் வீங்கலை. மழை பெஞ்சதைக் கேட்டு சந்தோஷம். மேசையை மாத்தினதும் சந்தோஷம். நான் கேட்டதுக்கு மட்டும் பதிலைக் காணோம்.

டேப்ல அவர் சொல்றதெல்லாம் உங்க கம்பெனிக்கு வந்து சேரும்னு அவரைப் பார்த்த பேச்சு டாக்டரம்மா என்கிட்டயே சொல்லியிருக்காங்க. அதனால உனக்குத் தெரியும். கரண்டிப் படத்தைக் காட்டினா கரண்டின்னாரா? குடையைக் குடைன்னாரா? முப்பது வருஷமா அந்தக் கரண்டியால போட்டவ நான். அவர் அந்தப் பேரை யாருகிட்ட சொன்னார்னு தெரிஞ்சுக்க எனக்குப் பாத்தியதை இல்லையா?

நீ மறைக்கறே. மறைக்கற அளவுக்கு நிறைய சொல்லியிருக்கார்னு நான் எடுத்துக்கறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. இது கோவத்துல எழுதலை, வழக்கமா எழுதறது.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன்.

பதிவெல்லாம் டாக்டர்கள் பொறுப்பு. அத்தான் ரொம்ப முயற்சி பண்ணினார். ஒரு நாள்கூட விடலை. அது போதாதா உனக்கு?

வேற ஒரு விஷயம். பரிசோதனைத் தாளை, நோயாளிகளோட கூடவே இருந்த வீட்டு மனுஷங்களுக்கு அனுப்பறாங்க. ரெண்டு மொழியிலயும் ஒரே பயிற்சியை எழுதியிருக்கும். இந்த மொழியெல்லாம் தெரியாத ஒருத்தர் படிச்சுப் பார்த்து, திரையில என்ன நடக்கும்னு சரியாச் சொல்லிட்டா மொழி தரமானது. மொழியைச் செஞ்சவங்க புகழ்ந்து என்ன பிரயோஜனம்? எங்களோட வழக்கமே இதுதான். பட்டியல்ல உன் பேரும் இருக்கு, என் கையில இல்லை.

தாள் வந்தா கிழிச்சுப் போட்டுடு. நீ எழுத வேண்டாம். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?

சின்னவள்


ஏப்ரல் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். உன் நலத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

தாள் வந்துடுச்சு. தபால் தலையெல்லாம் ஒட்டி, "மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு"ன்னு போட்டு. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கிழிப்பேனா?

கிழிக்கச் சொல்றியே, எதுக்குன்னு எனக்குப் புரியாமலா? அக்கா ஒரு மக்கு, அவளுக்குப் புரியாம உன் மொழி தோத்துடும்னு பயம். கடைசியில பத்துக்கு மார்க் போடற கட்டம் வேற இருக்கு. ரெண்டு கட்டம். ஒண்ணு உனக்கு, ஒண்ணு வெளியாளுக்கு. என் மனசுல இப்போ உனக்கு எவ்வளவு மார்க் இருக்குன்னு உனக்கே தெரியும். வாழ்க்கையில முதல் தரமா எல்லாரும் உன்னை மெச்சற இடத்துல என் கையில பேனா இருக்கு.

ஞாயித்துக்கிழமை லீவு. உட்கார்ந்து நிதானமாப் போடறேன்.

அக்கா


மே 9

சின்னவளே,

நீ பதில் போடறதுக்குள்ள நானே எழுதறேன்.

முதல்ல வெளியாளோட தாளைப் பார்த்தேன். ஒரே புள்ளியும் கோடும் நம்பரும். "ஊக்கம் 2"ன்னு ஒரு இடத்துல இருந்தது. என்ன ஊக்கம், யாருக்கு ஊக்கம், ஒண்ணும் விளங்கலை. இருந்தாலும் அதுக்கு எட்டு மார்க் போட்டேன். உனக்கு ஒண்ணு போடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உன்னோடதை எடுத்தேன். அதை அப்படியே இங்கே எழுதறேன்:

படம் காட்டு: கரண்டி
கேள்: "இது என்ன?"
காத்திரு
சரியானால் சொல்: "சபாஷ்!"
தப்பானால் மறுபடி கேள்
மூன்றாவது முறையும் தப்பானால் சொல்: "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு!"
அடுத்த படம் காட்டு

எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதே புரிஞ்சுது. ஒரு இடத்துலகூட முட்டலை. கடைசி வரிக்கு முந்தின வரியை மட்டும் விரலை வெச்சுக்கிட்டு மறுபடி மறுபடி படிச்சேன்.

கதவுக்கு வெளியே நான் கேட்டதை நினைச்சுப் பார்த்தேன். "இது என்ன?" அப்புறம் சத்தமில்லை. "இது என்ன?" சத்தமில்லை. "இது என்ன?" அப்புறம் நீ மெச்சுவே. தினமும் அதே வரிசை. நான் உன் மெச்சலை மட்டும் காதுல வாங்கினேன், அதுக்கு முன்னாடி நீ எத்தனை தரம் கேட்டேங்கறதை யாரு எண்ணினா?

சபாஷ். அந்த அறையிலிருந்து அந்த வார்த்தை ஒரு நாள்கூட வரலை சின்னவளே. ஒரே ஒரு நாள்கூட.

அவர் கரண்டின்னு சொல்லலை. குடைன்னும் சொல்லலை. உனக்கும் ஒண்ணும் கொடுக்கலை. தோக்கறதை நான் பார்த்துடக்கூடாதுன்னுதான் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கார். அதுக்குத் தலை வேற வாரிக்கிட்டு, பரீட்சைக்குப் போற மாதிரி.

நான் என்னென்னவோ நினைச்சேன். உன்மேல எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும், அடியில ஒரு நெனப்பு இருந்தது. யாருகிட்டயோ பேசறாரே, வாய் திரும்பிக்கிட்டிருக்கே, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா என் முறையும் வந்திருக்குமேன்னு. அதுவும் இப்போ இல்லை.

உன் மொழிக்குப் பத்துக்குப் பத்து போட்டு அனுப்பிட்டேன். எனக்கே புரிஞ்சதுக்கு மேல என்ன தரம் வேணும்? வெளியாளோட தாள் மட்டும் வந்திருந்தா நான் ஒண்ணும் தெரிஞ்சுக்காம, என் பாட்டுக்கு உன்மேல பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.

அக்கா


மே 16

அக்கா,

எப்படி இருக்கேன்னு கேக்க எனக்கு வாய் வரலை. இருந்தாலும் கேக்கறேன். எப்படி இருக்கே?

ஆமா, எனக்குத் தெரியும். ஒரு நாள் பதிவைக் கேட்டேன். மூச்சு கேட்டது. நடுவுல, "த்த, த்த"ன்னு என்னவோ முட்டினார். அதுக்கு மேல என்னால கேக்க முடியலை. நோயாளி மனசு உடையக்கூடாது, மூணாவது தப்புக்கு அப்புறம் எப்பவும் நல்ல வார்த்தையோட முடிக்கணும்னு டாக்டர்கள் சொல்லித்தான் அந்த வரியை எழுதினேன். கதவுக்கு வெளியே ஒருத்தி நிப்பாள்னு நாங்க யாருமே யோசிக்கலை.

நீ கேட்டதும் சொல்லியிருக்கலாம். சொன்னா உன் பொறாமை அன்னைக்கே போயிருக்கும். அவர் தேறிக்கிட்டு வந்தார்ங்கற நெனப்பும் அதோட போயிருக்கும். ஒண்ணை மட்டும் எடுத்துட்டு இன்னொண்ணை விட்டுவைக்க எனக்கு வழி தெரியலை. நீ என்னைக் கரிச்சுக் கொட்டினாலும் பரவாயில்லை, அந்த நெனப்பாவது உனக்கு இருக்கட்டும்னு விட்டேன்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? உன்மேல எனக்கும் பொறாமை உண்டு. தான் தோக்கறதை இவ பார்க்கக்கூடாதுன்னு ஒரு மனுஷன் கதவைச் சாத்தற அளவுக்கு, என்னை இதுவரைக்கும் யாரும் நினைச்சதில்லை.

சின்னவள்


ஜூன் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமான்னு கேட்டே. ரெண்டு வாரம் வேலைக்குப் போகலை. இப்போ போறேன். இஸ்திரிக்காரி சாப்பாடு கொண்டுவந்து பக்கத்துலயே உட்கார்ந்து, "நீ முழுங்கறியா, நான் தள்ளட்டுமா?"ன்னு கேட்டு ஊட்டினா. நல்லவதான்.

நீ எழுதினதைப் படிச்சதும் என் பொறாமை போயிடும்னு நினைச்சேன். போகலை. இடம்தான் மாறியிருக்கு. அந்த "த்த, த்த"வை நீ கேட்டிருக்கே. அவர் முட்டினதும் மூச்சு வாங்கினதும் உனக்குத் தெரியும். சிரிப்புல பங்கு கேட்டிருந்தா கொடுத்திருப்பேன், நீ கஷ்டத்துல எனக்கு முன்னாடி போய் நின்னுட்டே. தோக்கறவர்கிட்ட உட்கார வேண்டியவ நானில்லையா? நீ மெச்சினதுகூட இப்போ பெரிசில்லை. நீ உள்ளே இருந்தே, நான் வெளியே இருந்தேன். அதான்.

தாளோட பின்பக்கம், "இந்த மொழியில் நீங்களே ஒரு பயிற்சி எழுதிப் பாருங்கள்"ன்னு இருந்தது. அன்னைக்கு இருந்த நிலைமையில எழுதலை. இப்போ எழுதி இதோட வைக்கறேன். காலம் கடந்துட்டா தூக்கிப் போடு.

படம் காட்டு: கரண்டி
கேள்: "இது என்ன?"
காத்திரு
தப்பானால் காத்திரு
மறுபடியும் தப்பானால் கதவைத் திற
பொண்டாட்டியைக் கூப்பிடு

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ வேலைக்குப் போறது கேட்டு நிம்மதி.

உன் தாளை நான் தூக்கிப் போடலை. எல்லாரும் எழுதினதைக் கம்ப்யூட்டர்ல போட்டு ஓட விட்டுப் பார்க்கற கூட்டத்துல அதையும் போட்டேன். உன்னோடதுன்னு யாருக்கும் சொல்லலை. முதல் நாலு வரியும் ஓடுச்சு. அஞ்சாவதுல நின்னு, "தெரியாத கட்டளை"ன்னு சிவப்புல காட்டுச்சு. ஆறாவதுக்கும் அதேதான். மேலாளர் சிரிச்சார். "நல்ல வேளை, பொண்டாட்டியைக் கூப்பிடற கட்டளையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை"ன்னு யாரோ சொன்னாங்க. நானும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன், முடியலை.

பேச்சு டாக்டரம்மா மட்டும் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், "இது எழுதினவங்க தப்பில்லை. மொழியில இல்லாதது நம்ம தப்பு"ன்னாங்க. பெரிய வாக்குவாதம். நோயாளிக்குக் கூச்சமா இருக்கும்னு ஒருத்தர், கூப்பிட்டா வர ஆள் இருக்கணுமேன்னு ஒருத்தர். கடைசியில, நோயாளி முதல்லயே சம்மதிச்சிருந்தா மட்டும்னு ஒத்துக்கிட்டாங்க.

எந்த மொழின்னு இன்னும் முடிவாகலை. விலை பேசிக்கிட்டிருக்காங்க, என் குழு அந்தரத்துல தொங்குது. ஆனா ரெண்டுல எதை எடுத்தாலும், மூணாவது தப்புக்கு அப்புறம் அந்தப் பொய் மெச்சல் இருக்காது. "வீட்டு மனுஷரைக் கூப்பிடு"ன்னு புதுக் கட்டளை வருது. திரை நின்னுடும், "கொஞ்சம் உள்ளே வாங்க"ன்னு குரல் கூப்பிடும்.

அந்தக் குரலுக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லட்டுமா? நீ சொல்ற மாதிரி செய்யறேன்.

சின்னவள்


ஜூலை 23

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம், நிஜமாவே. உன் குழுவைக் கலைக்காம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். கலைச்சா இங்கே வா, விரிப்பு மடிக்கக் கத்துத் தர்றேன். நாள் பூரா நின்னா உன் இடுப்பு தானா சரியாகும்.

குரலுக்கு வேற ஆள் வேண்டாம். நீயே கூப்பிடு. ஆனா அந்த மெச்சலுக்குப் பேசின மாதிரி குழைஞ்சு பேசாதே. அடுப்புச் சத்தம், குழாய்ச் சத்தம் எல்லாம் தாண்டிக் கேக்கணும், சின்ன வயசுல நான் உன்னைத் தெருக்கோடியிலிருந்து கூப்பிடுவேனே, அந்த மாதிரி.

எந்த ஊர்லயோ எவளோ ஒருத்தி, கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டிருக்கறவ, அதைக் கேட்டு ஈரக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டே உள்ளே போவா. போனா அவர் பேசுவாரோ மாட்டாரோ. ஆனா அவ பக்கத்துல போய் உட்காருவா.

அவ யாருன்னே எனக்குத் தெரியாது. அவமேல எனக்கு இப்பவே வயிறெரியுது. இருந்தாலும் கூப்பிடு சின்னவளே. அவ வர்ற வரைக்கும் கூப்பிடு.

உன் அக்கா